பம்பருக்குப் பின்னே கை விட்ட கதை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஓரின்தான் கொடுத்தார், மளிகைக் கடையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. "நீ ஏதோ கதையெல்லாம் எழுதுவியாமே டாக்டர். இதையும் எழுதிக்கோ. ஆனா ஒண்ணு. இந்த மாவட்டத்துல ஒருத்தனும் படிக்க முடியாத பாஷையில எழுது."

அமெரிக்காவில், வயோமிங்கின் இந்த மூலையில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆக, இது தமிழில் இருப்பது உங்கள் வசதிக்காக இல்லை. ஓரினின் வசதிக்காக.

நான் இங்கே ஆடு மாடு குதிரை நாய் எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்க்கிறேன். வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஊருக்கே நான் 'டாக்டர்'.

இதற்குத் தொடக்கம் எழுதி இரண்டு முறை தோற்றேன். தோற்றதை அழிக்காமல் வைக்கிறேன்.

[ராய்ஸ் அந்தப் பிக்கப் வண்டியைப் பழையதாக வாங்கியபோது அதன் முன்பக்கத்தில் ஏற்கெனவே ஒரு]

பொய். வண்டி ராய்ஸுடையது இல்லை. பழையதாக வாங்கியதும் இல்லை. ஓரின் புதிதாக வாங்கி, பெண்டாட்டியைக்கூட ஓட்டவிடாமல் வைத்திருக்கும் வண்டி. மாற்றி எழுதிப் பார்த்ததற்குக் காரணம் இரக்கம்தான். வண்டியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் நடந்ததையும் அவர் தலையில் கட்டிவிடலாம் என்று பார்த்தேன். நாலு பக்கம் போனதும் அது துப்பறியும் கதையாகிவிட்டது. அந்தத் தொடக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துப் போட்டேன்.

[ஜிப் என்று ஒரு நாய் இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு காது மட்டும்]

நாயில் தொடங்கினால் நீங்கள் இப்போதே அழத் தயாராகிவிடுவீர்கள். அன்றைக்கு எங்களில் யாருக்கும் அழுகை வரவில்லை. வந்தது வேறு. அதற்குத் தமிழில் 'அதிர்ச்சி' என்கிறோம். நாளிதழ்கள் தினமும் தலைப்பில் போட்டுப் போட்டு அந்தச் சொல்லில் இப்போது ஒன்றுமே மிச்சமில்லை. எனக்கு வேறு சொல் கிடைக்காததால் வின்ச்சில் தொடங்குகிறேன்.

2

கிணற்று ராட்டினத்துக்கு மோட்டார் வைத்து, அதை வண்டியின் மூக்கில் மாட்டியது போன்ற சாமான் வின்ச். பனியிலோ சேற்றிலோ சக்கரம் புதைந்தால் கயிற்றை உருவிக்கொண்டு போய் எதிரே ஒரு மரத்தில் கட்ட வேண்டும். பொத்தானை அமுக்கினால் வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இங்கே பாதிப் பேர் அதைப் பம்பருக்கு முன்னால் பெருமையாகத் துருத்திக்கொண்டு நிற்கும்படி மாட்டுவார்கள்.

ஓரின் மறைத்து மாட்ட வேண்டும் என்றார். பம்பரைக் கழற்றி, சேஸிஸின் இரண்டு நுனிகளுக்கும் நடுவே இரும்புத் தொட்டில் ஒன்றை முடுக்கி, அதில் வின்ச்சை உட்கார வைத்து, பம்பரைத் திரும்ப மூடிவிட வேண்டும். நம்பர் பிளேட்டைத் தூக்கிப் பார்த்தால்தான் உள்ளே கயிற்றின் கொக்கி தெரியும்.

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை காலை. லோர்னாவின் கிழட்டுக் குதிரைக்குப் பல் ராவிவிட்டுக் கை கழுவ ஓரினின் கொட்டகைக்குள் போனேன். லோர்னா ஓரினின் மனைவி. உள்ளே ஓரினும், டயர் கடை வைத்திருக்கும் ராய்ஸும் வண்டிக்கு அடியில் கிடந்தார்கள். இரண்டு பேரும் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர்கள்.

"ஏண்டா, வின்ச் வாங்கறவன் எல்லாம் ஊர் பாக்கட்டும்னு மூஞ்சியில மாட்டுவான். நீ மட்டும் ஏன் ஜட்டி மாதிரி மறைக்கற?" இது ராய்ஸ்.

"இந்த மாவட்டத்துல பாதி வண்டிய பனியிலேர்ந்து நான்தாண்டா இழுத்து விட்டிருக்கேன். என் வண்டியில வின்ச்சைப் பார்த்தா என்ன சொல்லுவானுங்க?"

"ஓரினும் மாட்டிக்குவான்னு சொல்லுவானுங்க."

"அதான்."

"அப்ப நெஜமாவே மாட்டிக்கிட்டா? யாரும் இல்லாத நேரமா பாத்து நம்பர் பிளேட்டைத் தூக்கிப்பியா?"

"நான் மாட்டிக்கமாட்டேன்."

"அப்புறம் எதுக்குடா வின்ச்சு!"

ஓரின் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் யந்திரம் ஓட்டுபவர்.* அறுபதைத் தாண்டியவர். நான் பார்த்தவரை அவர் யாரிடமும் வழி கேட்டதில்லை. யாரிடமும் மன்னிப்பும் கேட்டதில்லை. கேட்கும்படியான தப்பு எதுவும் அவரிடம் நடந்ததாக அவருக்குத் தெரியாது.

(*புயல் வந்தால் சாலையின் குறுக்கே இரும்புக் கேட்டை மூடிப் பூட்டிவிடுவார்கள். அந்தக் கேட்டின் சாவி ஓரினிடம் இருக்கும். இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.)

3

இப்போது நாய்.

ஓரினின் ஒரே மகள் டெஸ்ஸா. அவள் காதலித்தது மாட்டினை. மாட்டினின் அப்பா பென்யாத், செம்மறி வளர்ப்பவர், ஸ்பெயின் எல்லை மலைப் பக்கத்துப் பாஸ்க் குடும்பம், பாட்டன் காலத்தில் ஆடு மேய்க்க வந்து இங்கேயே நிலம் பிடித்தவர்கள். கல்யாணம் ஜூனில் என்று நிச்சயமானது. ஓரினும் பென்யாத்தும் சம்பந்திகள் ஆகப் போகிறார்கள்.

(இந்தச் சொல் இவர்களிடம் இல்லை. மகளின் மாமனாரை என்னவென்று அழைப்பது என்று கேட்டால் முழிப்பார்கள். பெயர் இல்லாத உறவை வெட்டிவிடுவது சுலபம் என்று எனக்கு ஒரு கட்சி உண்டு. சம்பந்தி என்று ஒரு சொல் இருந்திருந்தால் ஓரின் கொஞ்சமாவது யோசித்திருப்பார். கட்டுரை போதும்.)

ஓரினின் நாய் ஜிப் இரண்டு முறை பென்யாத்தின் பட்டியில் புகுந்து ஆடுகளை விரட்டியது. சினை ஆடு ஒன்று ஓடி ஓடியே செத்தது. தீவனக் கடையில், எல்லாருக்கும் முன்னால், பென்யாத் சொன்னார்: "அடுத்த தடவை சுட்டுருவேன் ஓரின். சட்டமே எனக்கு எடம் குடுக்குது." கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னார்.

வின்ச் மாட்டிய அந்த ஏப்ரலுக்கு மூன்று வருஷம் முன்னால், ஜனவரியில் ஒரு சாயங்காலம் ஜிப் வேலியைத் தாண்டிவிட்டது. மேலே வானம் தெளிவாக இருக்க, கீழே காற்று பனியைத் தரையிலிருந்து வாரி வாரி அடித்தது. பானெட் வரைக்கும்கூடக் கண் தெரியாது. சாலையை மூடிவிட்டார்கள். ஓரின் தன் சாவியால் கேட்டைத் திறந்துகொண்டு, லோர்னாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, இருட்டும் வரை தேடினார். நாய் கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை.

"அவன் சுட்டுட்டான்" என்றார் ஓரின்.

பென்யாத் இரண்டு முறை வீடு தேடி வந்து, இல்லை என்று சத்தியம் செய்தார். இரண்டாம் முறை ஓரின் கதவையே திறக்கவில்லை. தீவனக் கடை, சர்ச், மதுக்கடை என்று ஓரின் போன இடமெல்லாம் அந்தப் பேச்சும் கூடவே போயிற்று. ஊர்த் தீயணைப்புக் குழுவில் பதினெட்டு வயதிலிருந்து இருந்த பென்யாத், குழுவில் யாரும் அவர் பக்கத்தில் உட்காராததைக் கவனித்து விலகிக்கொண்டார். ஜூனில் கல்யாணம் நடந்தது. ஓரின் போகவில்லை. மகளின் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டிய அந்த நேரத்தில், யாரும் கேட்காத ஒரு மண்சாலையை யந்திரத்தால் சீவிக்கொண்டிருந்தார்.

பிறகு பேத்தி பிறந்தாள். பெயர் மைட்டே. லோர்னா ஞாயிறுதோறும் போய்ப் பார்ப்பாள். ஓரின் பேத்தியைப் பார்த்ததெல்லாம் கடையில், இரண்டு அலமாரிகளுக்கு இடையில்.

[ஓரினை இங்கே நான் கொடியவனாக ஆக்குகிறேனோ என்று சந்தேகம் வருகிறது. குட்டியாக இருந்தபோது ஜிப்புக்குக் குடல் காய்ச்சல். தன் கோட்டுக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, என் மருத்துவமனைத் தரையில் அதன் கூண்டுக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிய மனுஷனும் இதே]

இந்த வாக்கியத்தை முடித்தால் அவருக்கு வக்காலத்து வாங்குவதாகிவிடும். பாதியிலேயே நிற்கட்டும்.

4

பம்பரின் போல்ட்டுகள் எல்லாம் கழன்றுவிட்டன. பம்பர் மட்டும் வரவில்லை. கீழ் விளக்கின் ஒயர் உள்ளே ஏதோ ஒரு பிளக்கில் பிடித்துக்கொண்டிருந்தது. ஓரினின் கை அந்தச் சந்தில் போகவில்லை. ராய்ஸின் கை அதைவிடத் தடி.

"டாக்டர், நீ வா. குட்டி எடுக்கற கை உன்னுது" என்றார் ஓரின்.

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முட்டி போட்டேன்.

"மொதல்ல தலை வருதா கால் வருதான்னு பாரு" என்றான் ராய்ஸ்.

ஓரின் சிரித்தார். அந்தச் சிரிப்பை இங்கே குறித்து வைக்கிறேன்.

முழங்கை வரை உள்ளே போனது. பிளக் கிடைத்தது. அதன் பின்னால், மோதலைத் தாங்கும் குறுக்கு இரும்பின் மேல், காய்ந்து இறுகிய சேற்றுக்குள் துணி மாதிரி ஒன்று விரலில் பட்டது. எலிக்கூடு என்று நினைத்தேன். இங்கே நிறுத்தி வைத்த வண்டிக்குள் எலி குடும்பம் நடத்தும். இழுத்தேன். சேறு பொலபொலவென்று உதிர்ந்தது. ஏதோ கிணுகிணுத்தது.

சிவப்பு நைலான் கழுத்துப்பட்டை. வளையம் பிய்ந்து கோணலாகியிருந்தது. அதில் இரண்டு தகடுகள். ஒன்று எலும்பு வடிவம், அதில் 'ஜிப்' என்ற பெயர். மற்றொன்று, வெறிநோய்த் தடுப்பூசி போட்டதும் நான் கொடுக்கிற தகடு. என் மருத்துவமனையின் பெயர் பொறித்தது.

[பார்த்த உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது]

விளங்கவில்லை. பொய் எழுதக் கூடாது. 'இது ஏன் இங்கே இருக்கிறது, ஜிப் கழுத்தில் அல்லவா இருக்க வேண்டும்' என்றுதான் முதலில் நினைத்தேன், ஜிப் வாசலில் படுத்திருப்பதுபோல. பிறகு வளையத்தில் சிக்கியிருந்த மயிரைப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையும். என் காதுக்குள் சத்தம் எல்லாம் அடங்கி, கொட்டகை ரேடியோவில் யாரோ கன்றுகளின் சந்தை விலை படித்துக்கொண்டிருந்தது மட்டும் மிகத் தெளிவாகக் கேட்டது.

ராய்ஸ் இன்னொரு வேடிக்கைக்கு வாயைத் திறந்தவன் அப்படியே இருந்தான்.

"என்ன அது?" என்றார் ஓரின்.

நீட்டினேன். வாங்கிக்கொள்ளாமல் பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?"

"உள்ள."

"எதுக்கு உள்ள?"

"ஓரின்..." என்றான் ராய்ஸ்.

"எதுக்கு உள்ளன்னு கேக்கறேன்!"

"உன் வண்டிக்குள்ளடா."

5

அந்த நேரத்தில்தான் லோர்னா தட்டில் சாண்ட்விச்சுகளோடு உள்ளே வந்தாள். மாற்றி எழுத நினைத்தேன். நாடகம் போல இருக்கிறதே என்று. ஆனால் மணி பன்னிரண்டு ஆகியிருந்தது, ஆம்பிளைகளுக்குப் பசிக்கும், அவள் வந்தாள். வேறு எப்போது வருவாள்?

என் கையிலிருந்ததைப் பார்த்தாள். கழற்றிய பம்பரைப் பார்த்தாள். தட்டை மெதுவாக வேலை மேசையில் வைத்தாள்.

"அந்தச் சத்தம்" என்றாள்.

ஓரின் குனிந்து, கழற்றிய போல்ட்டுகளைப் பொறுக்கினார்.

"கேட்டைத் தாண்டி, பாலத்துக்கு முன்னாடி. தொம்முன்னு கேட்டுச்சே. எறங்கிப் பாக்கலாம்னு சொன்னேன். பனிக்குவியல்தான்னு சொன்னே."

"பனிக்குவியல்தான்."

"ஓரின்."

"பனிக்குவியல்தான் லோர்னா. ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியல. நாம அதைத் தேடிக்கிட்டுத்தானே..."

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. இந்தக் கதையில் பாதியில் நிற்கும் வாக்கியங்களில் நானாக நிறுத்தாதது அது ஒன்றுதான்.

(லோர்னா புருஷனை 'நீ' என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். தமிழில்தான் நான் தேர்ந்தெடுத்தாக வேண்டும். முதல் பிரதியில் 'நீங்க' போட்டிருந்தேன். 'பனிக்குவியல்னு சொன்னீங்க' என்றால் அதில் ஒரு தயவு வந்துவிடுகிறது. அவள் குரலில் தயவு இல்லை. கோபமும் இல்லை. தனக்குத் தெரிந்திருந்ததைத் தானே இப்போதுதான் கேட்பவளின் குரல் அது.)

6

முதல் பிரதியில் ஓரின் இங்கே குமுறி அழுதார். நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

உண்மையில் அவர் கையை நீட்டி, "பத்தொன்பது குடு" என்றார். ராய்ஸ் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரைக் கொடுத்தான். ஓரின் வேலையைத் தொடர்ந்தார்.

பம்பரை இறக்கினார்கள். தொட்டிலை ஏற்றி முடுக்கினார்கள். வின்ச்சை வைத்தார்கள். ஒயரை பேட்டரி வரை கொண்டுபோய்க் கட்டினார்கள். கயிற்றை விடுவிக்கும் நெம்பு கைக்கு எட்டவில்லை என்று கழற்றி, திருப்பி வைத்து, மறுபடி முடுக்கினார்கள். சாண்ட்விச் காய்ந்தது. லோர்னா ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தாள். நான் ஏன் கிளம்பாமல் அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று இன்றும் தெரியவில்லை. மனுஷர்கள் இடி விழுந்த பிறகு அடுப்பை அணைக்கப் போவார்களே, அதுபோல ஒவ்வொருவரும் கையிலிருந்ததைச் செய்தோம். என் கையிலிருந்தது அது.

பம்பரை மூடியதும் ஓரின் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். கயிறு உள்ளே ஓடியது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

ராய்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டான். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

"டாக்டர், வண்டியில ஏறு" என்றார் ஓரின். "நீதான் எடுத்தே. நீ இல்லாம போனா, நானா எதையோ ஜோடிச்சுக் கொண்டாந்தேன்னு அவன் நெனப்பான்."

தன் மேலேயே ஒருவன் பொய்யாகப் பழியை ஜோடிப்பானா என்று நான் கேட்கவில்லை.

7

குட்டி போடும் பருவம். பென்யாத் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். தொப்புள்கொடிக்குத் தடவும் அயோடின் பட்டு விரலெல்லாம் பழுப்பு. அந்த வண்டி தன் வாசலில் நிற்பதைப் பார்த்துச் சட்டென்று நின்றார்.

ஓரின் என் கையிலிருந்து பட்டையை வாங்கி நீட்டினார்.

"என் பம்பருக்குப் பின்னாடி இருந்துச்சு" என்றார். "நீ சுடல."

"நான்தான் சொன்னேனே."

"ஆமா. சொன்னே."

ஓரின் வாயிலிருந்து மன்னிப்புக்கு மிக அருகில் வந்த சொல் அதுதான். கதையை இங்கே முடித்திருந்தால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. பென்யாத் முடிக்க விடவில்லை.

"உன் நாய் பாலத்துக்கு அந்தப் பக்கம் பள்ளத்துல கெடந்துச்சு" என்றார். "மே மாசம் பனி உருகினதும் பார்த்தேன். நரி தின்னது போக மிச்சம். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்துச்சு. கழுத்துல பட்டை இல்ல."

ஓரினுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. எனக்கும்.

"பார்த்தியா?"

"பார்த்தேன். எடுத்துட்டு வந்து பட்டிக்குப் பின்னாடி பொதச்சேன்."

"வண்டி ஏறினதுன்னு தெரியும்?"

"ரோடு மூடியிருந்துச்சு ஓரின். சாவி யார்கிட்ட இருக்கும்?"

நான் மாதங்களை விரல் விட்டு எண்ணினேன். மே மாதம் என்றால் கல்யாணத்துக்கு முன்னால். தீயணைப்புக் குழுவிலிருந்து விலகியதற்கு முன்னால். இந்த மனுஷன் எல்லாம் தெரிந்தே 'நாய் சுட்டவன்' என்ற பெயரைத் தூக்கிக்கொண்டு கடைக்கும் சர்ச்சுக்கும் நடந்திருக்கிறார். நானே எத்தனை முறை இவர் கொட்டகையில் நின்று குட்டி எடுத்திருக்கிறேன்! ஒரு சொல் சொன்னதில்லை.

ஓரின் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "ஏண்டா சொல்லல? சொல்லியிருந்தா நான் என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்திருப்பேனே!"

"செத்த நாயத் தூக்கிட்டு வந்து உன் வாசல்ல நின்னிருந்தா என்ன சொல்லியிருப்பே? சுட்டவனே கொண்டாந்துட்டான்னு சொல்லியிருப்பே."

"டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாம்!"

"காட்டியிருக்கலாம்." பென்யாத் சட்டையை விடுவித்துக்கொள்ள முயலவில்லை. "டாக்டர் சொன்னா நீ நம்பியிருப்பே. நம்பிட்டு? தன் நாயத் தானே ஏத்திட்டு என்னைத் திட்டினவன், வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னிருப்பானா? உன்னை எனக்குத் தெரியாதா? என்னை வெறுத்தா நீ நாலு வருஷத்துல வந்துருவேன்னு நெனச்சேன். உன்னையே வெறுத்துக்கிட்டா, வரவே மாட்டே."

அவர் சொன்னது பெருந்தன்மையா, அல்லது நான் இதுவரை கண்டதிலேயே மிக நிதானமான பழிவாங்கலா? மூன்று பிரதிகளில் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். அவர் முகம் இரண்டுக்கும் இடம் கொடுத்தது.

ஓரின் சட்டையை விட்டார். பட்டையைச் சேற்றில் எறிந்துவிட்டு வண்டிக்குப் போய் உட்கார்ந்தார். எஞ்சினைக் கிளப்பவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பென்யாத் கொஞ்ச நேரம் நின்றார். அயோடின் கையைப் பேன்ட்டில் துடைத்தார். நடந்து போய், மறுபக்கக் கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே நான். காற்று. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு வாய்கள் மாறி மாறி அசைந்தன. ஒரு சொல்லும் கேட்கவில்லை. பட்டையைச் சேற்றிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

8

முடிவைப் பற்றி.

நடந்தவற்றில் எனக்குத் தெரிந்ததை மறைக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஓரினின் வண்டி பென்யாத் வீட்டு வாசலில் நின்றது. இன்றும் ஞாயிறுதோறும் நிற்கிறது. ரோமம் வெட்டும் நாளில் ஓரின் ஆடு பிடிக்கிறார், படு மோசமாகப் பிடிக்கிறார். பென்யாத் கத்துகிறார், இவரும் கத்துகிறார். மைட்டே இவர் தொப்பியைப் பிடுங்கிப் போட்டுக்கொள்கிறாள். மகிழ்ச்சியான முடிவு வேண்டுபவர்கள் இத்தோடு எழுந்து போய்விடலாம்.

தீவனக் கடையில், எல்லாருக்கும் முன்னால், ஓரின் ஒரு நாள் சொன்னார்: "பென்யாத் என் நாயைச் சுடல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு." எப்படித் தெரிந்தது என்று சொல்லவில்லை. அப்புறம் யார் என்று ஒருவன் கேட்டான். ஓரின் குதிரைக்கு நக்கக் கொடுக்கும் உப்புக்கட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆகவே பாதிக் கடை நம்பியது. மீதிப் பாதி, பேத்திக்காகக் கிழவன் இறங்கி வந்துவிட்டான் என்கிறது. தீயணைப்புக் குழுவிலிருந்து பென்யாத்தை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

ராய்ஸ் வாயைத் திறக்கவில்லை. லோர்னாவும் இல்லை. நான் எழுதினேன், இந்த மொழியில்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இன்னும் ஒன்று நடந்தது. அதைத்தான் எழுத முடியவில்லை.

[அ. டெஸ்ஸாவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நேரே வண்டியை நோக்கி]

[ஆ. ஒன்றுமில்லை என்று பட்டையைக் கோட்டுப் பைக்குள்]

இரண்டில் ஒன்று நடந்தது. எது என்று சொல்வதாக இல்லை. எதைச் சொன்னாலும் நீங்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவீர்கள். அன்று என்னால் தலையாட்ட முடியவில்லை.

பென்யாத்தின் வீட்டுக் கதவு திறந்தது; கல்யாணமானதிலிருந்து டெஸ்ஸா அங்கேதான். டெஸ்ஸா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் வந்து நின்றாள். முற்றத்தில் நிற்கும் வண்டியைப் பார்த்தாள். உள்ளே இருந்த இரண்டு தலைகளையும் பார்த்தாள். தன் கல்யாணத்தன்று காலை முழுக்கச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் ஏறியதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அது எங்க அப்பாவா? அப்பாவா வந்திருக்கார்?" என்றாள். "எப்படி? என்ன ஆச்சு டாக்டர்?" பிறகு என் கையைப் பார்த்தாள். "அது என்ன?"

குழந்தை காற்றுக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறது. வண்டிக் கண்ணாடி உள்ளே மூச்சுப் பட்டு மங்கிவிட்டது. இரண்டு பேரும் இப்போது தெரியவில்லை. கேட்டுவிட்டு அவள் நிற்கிறாள். பட்டையை உங்கள் கையில் வைக்கிறேன். அவளுக்கு என்ன சொல்வீர்கள்?